குளோரிந்தா அம்மையார்

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைக் குறித்து நம் ஆண்டவர் உரைத்தருளிய உவமை எங்கள் ஆனைக்குட்டத்தாருக்கு எளிதில் மனங்கொள்வதன்று. ஒட்டிய தீப்பெட்டிக்கும் சுற்றிய வெடிக்கும் எண்ணிக் கூலி வாங்கிப் பழகியவர், விடியலில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் கூலி ஒன்றே என்பதை எங்ஙனம் ஒப்புவர்? ஓய்வுநாட் பாடசாலையில் சிறுவனாய் அமர்ந்திருந்த யானும் அதனை அநீதியென்றே எண்ணினேன். பாளையங்கோட்டைக் குளோரிந்தா அம்மையாரின் சரிதையைக் கற்ற பின்னரே அவ்வெண்ணம் அகன்றது. எங்கள் பகுதி 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்ததாகலின், அவ்வம்மையார் எங்கட்கு அயலாரும் அல்லர்.

அவர் மராட்டியப் பிராமண குலத்தில் தோன்றியவர், தஞ்சையில் வாழ்ந்தவர். கணவரை இழந்து கைம்மை நிலையிலிருந்தபோது லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் ஆதரவில் வந்து சேர்ந்தார். முறையாக மணம் புரிவதாக அவ்வதிகாரி வாக்களித்தார், மணந்தாரில்லை. ஆயினும் அம்மையாருக்கு ஆங்கிலமும் கிறிஸ்து மார்க்கத்தின் அடிப்படைகளும் கற்பித்தவர் அவரே. விளக்கை ஏற்றியவனே இருளிலும் நிறுத்தி வைத்தான் என்றால் விந்தையன்றோ!

கற்றதை அம்மையார் நெஞ்சிற் கொண்டார். அக்காலத்தில் தமிழகமெங்கும் நன்மதிப்புப் பெற்றிருந்த ஜெர்மானியக் குருவாகிய சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். மணமின்றி ஒருவருடன் வாழும் நிலை நீங்காதவரை அதனை அளித்தல் இயலாதென்று ஐயர் மறுத்துவிட்டார். சபையின் ஒழுங்கைக் காக்கும் கடமை அவருக்கு இருந்தது; ஆதலின் அவரைக் குறை கூற என் நா எழவில்லை. எனினும் வாக்குத் தவறியவர் அம்மையார் அல்லரே! ஆடவன் செய்த தவறு பெண்ணின் வழியை அடைத்து நின்றது. இவ்விடத்தைப் படிக்குந்தோறும் என் மனம் கலங்குகிறது.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வர, அம்மையாரும் உடன் வந்தார். அங்கே அவர் நோயுற்று இறந்தார். தம் உடைமையை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். சுற்றத்தார் ஒதுக்கிய நிலையில், மதிப்பிழந்த பெண்ணாய், பிறநாட்டு வீரர் நிறைந்த கோட்டையூரில் அவர் தனித்து நின்றார். பொருள் இருந்தது, அதனைக்கொண்டு எவர் கண்ணிலும் படாது வாழ்ந்து முடித்திருக்கலாம். அவரோ முன்னர் மறுக்கப்பட்ட அதே வாயிலை மீண்டும் தட்டினார். 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபொழுது, மறுத்த கையே அவருக்கு ஞானஸ்நானம் அளித்தது. குளோரிந்தா என்னும் பெயர் அன்று பெற்றதே.

அதன்பின் அவர் வாளாவிருந்தாரல்லர். சிதறிக் கிடந்த விசுவாசிகளை ஒன்று கூட்டினார், ஏழைகட்கு உதவினார், தஞ்சைக்குச் சென்று, தம் ஊருக்கு ஓர் உபதேசியார் வேண்டுமென மன்றாடினார். அம்மன்றாட்டின் பயனாகவே சத்தியநாதன் என்னும் உபதேசியார் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். சத்தியநாதன் 1790ஆம் ஆண்டு தஞ்சையில் குருப்பட்டமும் பெற்றார். கோட்டைக்குள் அம்மையார் முன்னின்று எழுப்பிய ஆலயத்துக்கு ஆங்கிலேயர் சிலரும் பொருளுதவினர். 1785ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரே வந்து அதனைப் பிரதிஷ்டை செய்தார். ஒரு காலத்தில் சபையின் புறத்தே நிறுத்தப்பட்டவர் கட்டிய ஆலயத்தினுள், நிறுத்தியவரே நின்று ஜெபித்த அந்நாளில் இருவர் உள்ளத்திலும் எழுந்தது யாதோ, அதனை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே.

அம்மையார் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையா 1915ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நாவலுக்கு இவர் பெயரையே சூட்டினார். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாளையங்கோட்டைச் சபையின் முதற் பதிவேடு 1780ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. பல சாதியாரும் அடங்கிய நாற்பது பெயர்கள் அதில் உள்ளன. முதற்பெயர் குளோரிந்தா என்பதே. அவர் எழுப்பிய ஆலயத்தையோ, பிரதிஷ்டை செய்த ஐயர் பெயராலும் பொருளீந்த ஆங்கிலேயர் பெயராலும் வழங்காமல், பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே ஊரார் வழங்கி வருகின்றனர்.