கடல் கடந்து கற்றவர்

பினாங்குத் தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறினால் பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடையலாம். அங்கிருந்து பார்த்தால் ஜார்ஜ்டவுன் நகரமும் அதற்கு அப்பால் கடலும் விரிந்து கிடக்கும். அக்கடலுக்கு வடக்கே, கெடா மாநிலத்தில், 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்பது ஜெராய் மலை. வானம் தெளிந்த நாளில் பினாங்கிலிருந்தே அதனைக் காணலாம். வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் வந்த பழங்கால மாலுமிகளுக்கு அம்மலையே கரையின் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. தமிழர் கடாரம் என்று அழைத்த துறைமுக நாடு அதுவே.

ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்னர், வணிகர்கள் மட்டுமன்றிக் கல்வியைத் தேடிய துறவிகளும் இக்கடல் வட்டாரத்திற்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் திபெத்தின் சமயத்திற்கும் கலைக்கும் புத்துயிர் ஊட்டினார். அவர்தாம் அதீசர்.

அதீசர் கி.பி. 982ஆம் ஆண்டளவில் வங்காளத்தின் விக்கிரமபுரத்தில் அரச குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. பெற்றோர் அவருக்குச் சந்திரகர்ப்பர் என்று பெயரிட்டனர். அரண்மனை வாழ்வில் நாட்டம் கொள்ளாத அவர், இளமையிலேயே கல்வியில் மூழ்கினார். துறவு பூண்டபோது தீபங்கர ஸ்ரீஞானர் என்னும் பெயரைப் பெற்றார். அதீசர் என்பது திபெத்தியர் அவருக்கு வழங்கிய சிறப்புப் பெயராகும்.

முப்பது வயதிற்குள் பல ஆசிரியர்களிடம் பயின்று அவர் பெரும்புலமை பெற்றார். ஆயினும், பிற உயிர்களின் துன்பத்தைத் தம் துன்பமாக உணரும் அருள்நெறியை முழுமையாகக் கற்க வேண்டும் என்ற வேட்கை அவருக்குத் தணியவில்லை. அதனைக் கற்பிக்க வல்ல ஆசிரியர் தர்மகீர்த்தி என்பவர், கடலுக்கு அப்பால் சுவர்ணத்தீவில் வாழ்ந்து வந்தார். சுவர்ணத்தீவு என்பது இன்றைய சுமத்திராவைக் குறிக்கும். அது அக்காலத்தில் ஸ்ரீவிஜயப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தர்மகீர்த்தி வாழ்ந்த காலத்தில் அங்கு ஆண்ட மன்னர் சூளாமணிவர்மர். நாகப்பட்டினத்தில் இராசராச சோழர் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரம் அவர் பெயரையே தாங்கி நின்றது.

1012ஆம் ஆண்டளவில் அதீசர் வணிகர்களுடன் கப்பலேறினார். புயலும் பெருமீன்களும் நிறைந்த அந்தப் பயணம் ஓராண்டுக்கும் மேல் நீடித்ததாகத் திபெத்திய நூல்கள் கூறுகின்றன. சுவர்ணத்தீவில் அவர் 12 ஆண்டுகள் தங்கிக் கற்றார். அதீசருக்கு ஆசிரியர் பலர் இருந்தனர். எனினும், தர்மகீர்த்தியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்கள் கலங்குமாம். 1025ஆம் ஆண்டளவில் அவர் தாயகம் திரும்பினார். இராசேந்திர சோழரின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஒரே கடல் போர்வீரரையும் சுமந்தது, மாணவரையும் சுமந்தது.

நாடு திரும்பிய அதீசர், புகழ்பெற்ற விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பேரறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். அந்நாளில் திபெத்தில் பௌத்தம் நலிந்திருந்தது. மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர்கள் தகுந்த ஆசிரியரைத் தேடினர். அதற்காகப் பொன் திரட்டச் சென்ற யேஷே ஓ என்னும் முதிய அரசர் பகைவரிடம் சிக்கினார் என்று மரபு கூறுகிறது. தம்மை மீட்கச் சேர்த்த பொன்னை அறிஞரை அழைக்கச் செலவிடுமாறு கூறிவிட்டு அவர் சிறையிலேயே உயிர் துறந்தாராம்.

அழைப்பு வந்தபோது அதீசருக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. திபெத்துக்குச் சென்றால் ஆயுளில் 20 ஆண்டுகள் குறையும் என்று அவர் வழிபட்ட தாரா தேவி முன்னுரைத்ததாக ஒரு கதை உண்டு. விக்கிரமசீலத்தாரும் அவரைப் பிரிய விரும்பவில்லை. மூன்றாண்டுகளில் திரும்பி வர வேண்டும் என்ற உறுதியின்பேரில்தான் அவரை அனுப்பினர். தம் ஆயுளைவிடத் தம்மால் விளையும் பயனே பெரிது என்று அதீசர் முடிவு செய்தார். 1040இல் புறப்பட்டு, நேபாளம் வழியாகப் பனிமலைகளைக் கடந்து, 1042இல் மேற்குத் திபெத்தை அடைந்தார்.

அங்குத் தோலிங் மடத்தில் தங்கி, ஞானத்திற்குச் செல்லும் வழியைச் சுருக்கமாகவும் எளிமையாகவும் விளக்கும் போதிபதப்பிரதீபம் என்னும் நூலை இயற்றினார். அம்மடத்தில் ரிஞ்சென் சாங்போ என்ற 85 வயது மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தாம் கற்றது போதும் என்று எண்ணியிருந்த அம்முதியவரும் அதீசரிடம் மாணவராக அமர்ந்தார்.

அதீசரின் புலமையை மட்டுமல்ல, அவருடைய கைவினையையும் திபெத்தியர் இன்றுவரை போற்றுகின்றனர். நாள்தோறும் அவர் களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சிறுசிறு தூபிகளையும் திருவுருவங்களையும் செய்தார். திபெத்தியர் இவற்றை த்ஸா-த்ஸா என்பர். உலர்ந்தபின் இவற்றைத் தூபிகளுக்குள்ளும் குகைகளிலும் வைத்து வழிபடுவர். பேராசிரியர் ஒருவர் கைகளைச் சேறாக்கிக் கொள்வது மாணவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலையைத் தாங்கள் செய்வதாகக் கூறினர். தமக்குரிய உணவையும் அவர்களே உண்டுவிடுவார்களா என்று அதீசர் திருப்பிக் கேட்டாராம். பிறர் உண்டால் நம் பசி தீராது. பிறர் உழைத்தால் நம் உள்ளம் பண்படாது என்பதே அவர் உணர்த்திய பாடம். இத்தகைய களிமண் வில்லைகள் நம் நாட்டின் பெர்லிஸ் மாநிலக் குகைகளிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கடலோரத்து மக்களும் பனிமலை மக்களும் ஒரே கைவினையால் தங்கள் பக்தியை வெளிப்படுத்தியுள்ளனர்.

மூன்றாண்டுகள் முடிந்து அதீசர் தாயகம் திரும்ப முற்பட்டபோது, நேபாள எல்லையில் மூண்ட போர் வழியை அடைத்தது. அப்பொழுது துரோம்தோன் என்னும் சீடர் அவரை நடுத்திபெத்துக்கு அழைத்துச் சென்றார். ஊர் ஊராகச் சென்று கற்பித்த அதீசர், லாசா நகருக்கு அருகில் உள்ள நியேதாங்கில் 1054ஆம் ஆண்டு, தமது 72ஆம் வயதில் காலமானார். அவர் தாயகத்தை மீண்டும் காணவில்லை. அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி 1978இல்தான் வங்காளதேசத்தின் டாக்கா நகருக்குக் கொண்டுவரப்பட்டது.

நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில், துணியில் தீட்டப்பட்ட பழைமையான திபெத்திய ஓவியம் ஒன்று உள்ளது. அதில் அதீசர் அமர்ந்த நிலையில், இடக்கையில் நீண்ட ஓலைச்சுவடி ஒன்றை ஏந்தியிருக்கிறார். பனை வளராத பனிநாட்டில், ஓலைச்சுவடியோடு அவரை வரைந்த அந்த ஓவியர், அவரை நூலைச் சுமந்து வந்த ஆசிரியராகவே கண்டிருக்கிறார்.

முப்பது வயதில் மாணவராகக் கடலைக் கடந்தார். அறுபது வயதில் ஆசிரியராக மலையைக் கடந்தார். கற்பதற்கு எல்லையில்லை என்பதையும், கற்றதைப் பிறருக்கு வழங்கும்போதே கல்வி நிறைவு பெறுகிறது என்பதையும் அதீசரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.