வெறுங்காலில் மேடையேறிய மார்தா கிரகாம்

நமது சங்கம் தோன்றிய அதே 1926ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் இன்னொரு சிறிய பெண்கள் கூட்டமும் தன் பயணத்தைத் தொடங்கியது. ஏப்ரல் 18ஆந் திகதி, மார்தா கிரகாம் என்னும் 31 வயது நடன ஆசிரியை, தம் மாணவியர் மூவருடன் முதல் தனி நிகழ்ச்சியை மேடையேற்றினார். அதிலிருந்து வளர்ந்த குழு இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. மலருக்கு யாருடைய வாழ்வை எழுதுவது என்று நாம் கூடிப் பேசியபோது, இந்த ஒத்த அகவையே எம்மை அவர்பால் இழுத்தது.

அவர் 1894இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மனநோய் வைத்தியர். வாய் மறைப்பதை உடலின் அசைவு காட்டிக்கொடுத்துவிடும் என்று மகளுக்குச் சிறு வயதிலேயே புரியவைத்தவர் அவர்தாம். மதக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். ஆயினும் 1911இல் ரூத் செயின்ட் டெனிஸ் ஆடிய நிகழ்ச்சிக்கு மகளை அழைத்துச் சென்றவரும் அதே தந்தைதான். ரூத் அம்மையார் அந்நாளில் இந்தியாவைக் காணாமலே இந்திய நடனமெனத் தாமாகக் கற்பனை செய்து ஆடியவர். முறைப்படி பரதம் பயின்ற நம்மிற் பலர் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்போம். அந்தப் பதின்ம வயதுப் பெண்ணுக்கோ அதுவே வாழ்வின் வாசலாயிற்று.

தந்தை 1914இல் காலமானார். 1916இல், தமது 22ஆவது வயதில், மார்தா ரூத் அம்மையாரின் நடனப் பள்ளியிற் சேர்ந்தார். ஐந்து வயதிலேயே பிள்ளையைச் சலங்கை கட்ட வைக்கும் நமக்கு இது விளங்கும்: காலங்கடந்த தொடக்கம். உயரமும் குறைவு. பள்ளியில் அவரிடம் பெரிதாக எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஏழாண்டுகளின் பின் அங்கிருந்து விலகி, தம் வழியைத் தாமே தேடினார். மேற்கத்திய பலே நடனம், மண்ணைத் தொடாது பறப்பதைப்போன்ற தோற்றத்தை விரும்புவது. மார்தா மண்ணுக்கே திரும்பினார். மூச்சை வெளிவிடும்போது வயிறும் இடுப்பும் உள்ளே குறுகும், இழுக்கும்போது விரியும். இந்தக் குறுக்கத்தையும் விரிவையும் கொண்டே ஒரு முழு நடன மொழியை அமைத்தார். வெறுங்கால், எளிய உடை, தரையில் விழுந்து எழும் பயிற்சி. பார்த்தவர் சிலர் அழகில்லை என்று பழித்தனர். அழகு காட்டுவது அவருடைய நோக்கமுமன்று.

1930இல் அவர் ஆடிய ‘புலம்பல்’ நான்கு நிமிடம்கூட நீளாத நடனம். நீண்ட குழாய்போன்ற துணிக்குள் ஒரு பெண் வாங்கில் அமர்ந்திருக்கிறாள். முகமும் கைகளும் பாதங்களுமே வெளியே தெரிகின்றன. அவள் எழுந்து நடப்பதேயில்லை. துணி இழுபடும் விதத்திலேயே துயரம் தெரியும். தன் கண்முன்னே பிள்ளையை விபத்திற் பறிகொடுத்து, அழவும் இயலாதிருந்த தாயொருத்தி இந்நடனத்தைக் கண்ட பின்னரே கண்ணீர் விட்டாள் என்று மார்தா பின்னாளிற் சொல்வதுண்டு. நம் நாட்டுத் தாய்மாரை அறிந்த நாம் அதைச் சந்தேகிக்கவில்லை.

1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவையொட்டி ஆடுமாறு ஜேர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. கலைஞர்கள் வேட்டையாடப்படும் நாட்டிற்கு, யூதப் பெண்களும் இருக்கும் தம் குழுவை அழைத்துச் செல்ல அவர் மறுத்தார். அதே ஆண்டின் இறுதியில், போரின் அழிவைச் சொல்லும் ‘குரோனிக்கிள்’ நடனத்தைப் பெண்கள் மட்டுமே ஆட மேடையேற்றினார். 1938இல்தான் அவர் குழுவில் முதன்முதலாக ஓர் ஆண் சேர்ந்தார்.

பின்னர் கிரேக்கக் கதைகளைக் கையிலெடுத்தார். மெடியா, யோக்காஸ்டா, கிளைட்டெம்னெஸ்ட்ரா ஆகியோரின் கதைகளை ஆண்களின் பக்கத்திலிருந்தல்ல, அப்பெண்களின் நெஞ்சுக்குள்ளிருந்து சொன்னார். 1944இன் ‘அப்பலாச்சியன் வசந்தம்’ எல்லோரும் விரும்பும் படைப்பு. எமக்கென்னவோ 1947இல் வந்த யோக்காஸ்டாவின் நடனமே உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

அவருடைய பிடிவாதம் அவருக்கே வினையுமாயிற்று. நடனம் மேடையில் மட்டுமே வாழவேண்டுமென்று நெடுங்காலம் படம்பிடிப்பதை விரும்பவில்லை. இதனால் ஆரம்பகால ஆக்கங்கள் பல மறைந்தன. தம் பாத்திரங்களை இளையோருக்கு விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. எழுபத்தைந்து வயதளவில், கால்கள் கைவிட்ட பின்னரே மேடையைவிட்டு இறங்கினார். அதன்பின் மதுவும் நோயும் அவரை வைத்தியசாலைவரை கொண்டுசென்றன. கதை அத்துடன் முடிந்ததென்றே பலர் நினைத்தனர். அவரோ மதுவைக் கைவிட்டு, மீண்டும் பயிற்சிக்கூடத்திற்கு வந்து, இனி மற்றவர்கள் ஆடுவதற்காக நடனம் அமைத்தார். 1990இலும் ஒரு புதிய ஆக்கத்தை அளித்தார். 1991 ஏப்ரல் 1ஆந் திகதி, 96ஆவது வயதில் மறைந்தபோது, அவர் படைத்த நடனங்கள் 181.

அவை யாருக்குச் சொந்தம் என்று பின்னர் வழக்கு நடந்தது. பெரும்பாலானவை அவர் உருவாக்கிய நிறுவனத்துக்கே உரியவை என்று 2002இல் தீர்ப்பாயிற்று.

ஒன்றை மறந்துவிட்டோம். 1955–56இல் அமெரிக்க அரசின் ஆதரவில் அவர் ஆசிய நாடுகளுக்கு வந்தபோது, அப்பயணத்தில் நம் இலங்கையும் இருந்தது. அந்நாளில் அவர் ஆடக் கண்ட மூத்த அக்காமார் எவரேனும் நம்மிடையே இருப்பின், சங்கச் செயலாளருக்கு இரண்டு வரி எழுதியனுப்புங்கள். அடுத்த மலருக்குக் காத்திராமல் செய்தி மடலிலேயே சேர்த்துக்கொள்வோம்.