சிந்தாமணி ரகுநாதாச்சாரி

சிந்தாமணி ரகுநாதாச்சாரி (இறப்பு: பெப்ரவரி 5, 1880) சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய இந்திய வானியலாளர் ஆவார். 1867 ஆம் ஆண்டில் ஆர் ரெட்டிக்குலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். இலண்டனில் உள்ள அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக 1872 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இவரே அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் எனக் கருதப்படுகிறார்.

வானாய்வு நிலையப் பணி

பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவர், நுங்கம்பாக்கத்தில் 1792 இல் அமைக்கப்பட்ட சென்னை வானாய்வு நிலையத்தில் இளம் வயதிலேயே பணிக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். 1861 முதல் அந்நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் நார்மன் இராபர்ட் போக்சன். விண்மீன்களின் பொலிவெண்ணில் 5 அலகு வேறுபாடு என்பது 100 மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்னும் அளவுமுறையை 1856 இல் முன்மொழிந்தவர் இவரே. விண்மீன்கள் நடுவரையைக் கடக்கும் நேரத்தை இரவுதோறும் அளந்து பட்டியலிடும் நெடிய பணியில் பெரும் பங்கு உதவியாளர்களுடையது. பெயர் வெளியே தெரியாமல் போயிருக்கக்கூடிய பணி அது.

ஆகத்து 18, 1868 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நோக்க ஐதராபாத் இராச்சியத்தின் வனபர்த்திக்குச் சென்ற குழுவிற்கு இவர் தலைமை தாங்கினார். சூன் 6, 1872 இன் கங்கண கிரகணத்தைச் சென்னையிலிருந்து நோக்கினார்.

ஆர் ரெட்டிக்குலி

ரெட்டிக்குலம் தென்வானின் சிறிய விண்மீன் குழு. ஐரோப்பிய வானாய்வு நிலையங்களுக்கு இது அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. சென்னையிலோ தென்திசையில் சுமார் 14 பாகை உயரம் வரை எழும். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஏறத்தாழ 15 பாகை. சனவரி மாத இரவுகளில், தென் அடிவானம் மறைப்பின்றி இருந்தால், தொலைநோக்கி கொண்டு இவ்விண்மீனைத் தேடலாம். மிகுந்த ஒளியுடன் இருக்கும்போதும் இதன் பொலிவெண் சுமார் 6.5 ஆகையால் வெறுங்கண்ணுக்குச் சற்றே எட்டாது. ஒளி குன்றும்போது 14 வரை மங்கிவிடும். அதாவது, ஒளி சுமார் ஆயிரம் மடங்கு குறைகிறது. ஒரு விண்மீன் குழுவில் முதலில் அறியப்படும் மாறும் விண்மீனுக்கு 'ஆர்' என்னும் எழுத்தை இடுவது வழக்கம்.

இது மிரா வகையைச் சேர்ந்த துடிப்பு விண்மீன். முதுமையுற்ற சிவப்புப் பெருமீனாகிய இது விரிந்தும் சுருங்கியும் துடிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 278 நாட்கள் ஆகின்றன. இத்துடிப்பு தொலைவை அளக்க உதவும் என்பது ரகுநாதாச்சாரி காலத்தில் எவருக்கும் தெரியாது. 1912 இல் என்றியெட்டா லீவிட் என்பவர், சிறிய மகெல்லன் முகிலின் செபீடு விண்மீன்களில் துடிப்புக்காலம் நீளும்போது ஒளியும் மிகுவதை நிறுவினார். காலத்தை அளந்தால் உண்மையான ஒளி தெரியும். அதைக் கண்ணுக்குத் தோன்றும் ஒளியுடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். மிரா வகை விண்மீன்களுக்கும் அகச்சிவப்புக் கதிர்களில் இத்தகைய தொடர்பு உண்டு என்பது 1981 இல் பெரிய மகெல்லன் முகிலில் காணப்பட்டது. அம்முகில் வானில் ரெட்டிக்குலத்திற்கு அருகிலேயே அமைந்துள்ளது. நம் பால் வழியின் அமைப்பை அளப்பதற்கு இப்போது மிரா விண்மீன்களும் பயன்படுகின்றன.

பஞ்சாங்கமும் நூல்களும்

பழைய வாய்பாடுகளின்படி கணிக்கப்பட்ட திதிகளும் கிரகண நேரங்களும் வானில் காண்பவற்றோடு பொருந்தாதிருந்தன. நோக்கீடுகளின் அடிப்படையில் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை ரகுநாதாச்சாரி வெளியிட்டார். சடங்குகளின் நாளும் நேரமும் இதனால் மாறுவதால் எதிர்ப்பும் எழக்கூடிய முயற்சி இது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் வேறுபாடு இன்றும் தமிழகத்தில் நீடிக்கிறது.

திசம்பர் 9, 1874 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்ததை முன்னிட்டு, அதனை விளக்கும் சிறு நூல் ஒன்றை உரையாடல் வடிவில் எழுதினார். அந்நூல் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. ஆங்கிலம் அறியாத பஞ்சாங்கக் கணிதர்களுக்கும் புதிய வானியல் எட்டவேண்டும் என்பது இவர் நோக்கம். இந்தியர்கள் பயிலுவதற்கென ஒரு வானாய்வு நிலையம் அமைக்கவேண்டும் எனவும் வலியுறுத்தினார்.

மறைவு

ரகுநாதாச்சாரி பெப்ரவரி 5, 1880 இல் காலமானார். சென்னை நிலையத்தின் வானியல் பணிகள் 1899 இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில், மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது.