இன்று 14 மணி நேரம், அன்று 83 மணி நேரம்: யார் இந்த கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பிரிஸ்பேனுக்கு டிக்கெட் தேடிப் பாருங்கள். தூரம் சுமார் 11,350 கி.மீ., நேரம் ஏறக்குறைய 14 மணி நேரம். இரண்டு படம் பார்த்து, ஒரு தூக்கம் போட்டால் ஆஸ்திரேலியா வந்துவிடும்.

இந்தப் பசிபிக் பாதையை முதன்முதலில் விமானத்தில் கடந்த குழுவின் தலைவர் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித். சிட்னி விமான நிலையத்துக்கு இவர் பெயர்தான்.

1897-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர். சிறுவயதில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் மூழ்கி, மயிரிழையில் பிழைத்தார். முதல் உலகப் போரில் விமானியானார். 1917-ல் காலில் குண்டு பாய்ந்து பாதத்தின் ஒரு பகுதி போனது. ஆனாலும் பறக்கும் ஆசை மட்டும் போகவில்லை.

பசிபிக்கைக் கடக்கக் கையில் காசில்லை. கடனில் தத்தளித்தபோது கலிஃபோர்னியா செல்வந்தர் ஆலன் ஹான்காக் கைகொடுத்தார். 1928 மே 31 அன்று ஓக்லாந்திலிருந்து மூன்று இன்ஜின் கொண்ட 'சதர்ன் கிராஸ்' கிளம்பியது. உள்ளே நான்கு பேர்: ஸ்மித், சக விமானி சார்லஸ் உல்ம், வழிகாட்டி ஹாரி லயன், ரேடியோ பார்க்க ஜேம்ஸ் வார்னர்.

ஒரே மூச்சில் போக எரிபொருள் பத்தாது. அதனால் ஹவாய், ஃபிஜி என இரண்டு தீவுகளில் இறங்கி ஏறத் திட்டம். கேட்க எளிது. ஆனால் ஹவாய் வரை சுமார் 3,870 கி.மீ. வெறும் கடல். திசை ஒரு டிகிரி பிசகினால் போதும், தீவிலிருந்து 67 கி.மீ. தள்ளிப் போய்விடுவார்கள். அந்தக் கட்டத்துக்கு 27 மணி 25 நிமிடம் ஆனது. அடுத்தது ஃபிஜி, சுமார் 5,000 கி.மீ. புயல் மழைக்குள் முப்பத்து நான்கரை மணி நேரம்! இன்ஜின் இரைச்சலில் பேச்சே கேட்காது, சீட்டு எழுதித்தான் பேசிக்கொண்டார்கள். சுவா நகரில் ஓடுபாதை கிடையாது. விளையாட்டு மைதானத்தில் மரங்களை வெட்டி இடம் செய்து கொடுத்தார்கள்.

ஜூன் 9 அன்று பிரிஸ்பேன். மொத்தம் சுமார் 11,600 கி.மீ. கவனியுங்கள், இன்றைய தூரத்தைவிட அதிகமாகச் சுற்றவில்லை. ஆனால் பறந்த நேரம் மட்டுமே 83 மணி. சராசரியாக மணிக்கு 140 கி.மீ. வேகம்தான். இன்றைய ஜெட் போவது 900 கி.மீ. வேகத்தில்.

ஊரே கொண்டாடியது. 1932-ல் சர் பட்டமும் வந்தது. ஆனால் அவர் தொடங்கிய விமான நிறுவனம் நொடித்துப்போனது. பட்டம் வாங்கியவர் ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு மக்களை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்.

இதற்கிடையே இங்கிலாந்து - ஆஸ்திரேலியா பாதையில் நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1933-ல் ஸ்மித் ஏழு நாளில் வந்து சாதனை படைத்தார். மறுவருடமே வேறு இருவர் லண்டன் பக்கமிருந்து மெல்போர்னுக்கு மூன்று நாளுக்குள் வந்துவிட்டார்கள். விட்டதைப் பிடிக்க 1935 நவம்பர் 6 அன்று இங்கிலாந்திலிருந்து மறுபடி கிளம்பினார் ஸ்மித். கூட டாமி பெத்திபிரிட்ஜ். அலகாபாத் வந்தார்கள். ஓய்வெடுத்தால் நேரம் போய்விடும், இரவோடு இரவாகச் சிங்கப்பூர் நோக்கிப் பறந்தார்கள். நவம்பர் 8 அதிகாலை அந்தமான் கடல் பகுதியில் விமானம் மாயமானது. அவருக்கு வயது 38.

1937-ல் பர்மா கரையோரத் தீவு ஒன்றின் அருகே, சக்கரத்தோடு ஒரு கால் மட்டும் ஒதுங்கியது. இருவரின் உடல்களும் கிடைக்கவே இல்லை.