சுவரில் ஓர் ஏணி: ஏழைகளைப் பாட வைத்த பாதிரியார்

பலரோடு சேர்ந்து பாடும்போது பயம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் குரலைப் பிடித்துக்கொண்டு நாமும் பாடிவிடலாம். வீட்டுக்கு வந்து தனியாகப் பாடிப் பார்த்தால்தான் தொல்லை தெரியும். சுரம் நழுவும். குரல் தடுமாறும். சரியா தவறா என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர் ஒரு பாதிரியார். அவர் பெயர் ஜான் கர்வென்.

பாடத் தெரியாத பாதிரியார்

இங்கிலாந்து நாட்டில் யார்க்‌ஷயர் பகுதியில் ஹெக்மண்ட்வைக் என்று ஓர் ஊர். அங்கே 1816ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி கர்வென் பிறந்தார். தந்தையும் பாதிரியார். மகனும் அதே வழியில் சென்றார்.

அந்தக் காலத்தில் மாதா கோவிலிலும் ஞாயிறு பள்ளியிலும் பாட்டு உண்டு. ஆனால் இசைக் குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் குறைவு. ஐந்து கோடுகள், அவற்றின் மேல் புள்ளிகள் என்று இருக்கும் அந்தக் குறிப்பு, ஏழைகளுக்குப் புரியாத புதிர். பியானோ வாங்கவோ, வாத்தியார் வைத்துக்கொள்ளவோ அவர்களிடம் பணம் ஏது?

1841ஆம் ஆண்டில் ஹல் நகரில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் எளிதாகப் பாட்டுக் கற்றுக்கொடுக்கும் வழியைக் கண்டுபிடிக்கும்படி கர்வெனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கர்வெனுக்கே இசைக் குறிப்பைப் பார்த்துப் பாட வராது!

நார்விச் அம்மையார்

நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற அம்மையார் சிறுமிகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்து வந்தார். கோடும் புள்ளியும் இல்லாமல் டோ, ரே, மீ என்ற சுரங்களை எழுத்துகளாலேயே எழுதினார். அந்த முறையை 1835ஆம் ஆண்டில் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அந்தப் புத்தகம் கர்வென் கையில் கிடைத்தது. முதலில் தாமே அதைப் படித்துப் பழகினார். பிறகு சில மாற்றங்கள் செய்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த மாற்றங்கள் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், மூல யோசனை அம்மையாருடையது என்பதைக் கர்வென் மறைக்கவில்லை.

இந்த முறைக்கு ‘டானிக் சோல்ஃபா’ என்று பெயர். நம் சங்கீதத்தில் எந்தச் சுருதியில் பாடினாலும் ஆதார சுரம் ‘ச’தான் அல்லவா? அதுபோல இதில் ஆதார சுரம் எப்போதும் ‘டோ’தான். சாதாரண அச்செழுத்துகளைக் கொண்டே பாட்டை அச்சிடலாம். அதனால் பாட்டுப் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன.

வீடே பள்ளிக்கூடம்

கர்வென் முறையின் உயிர்நாடி ஒரு படம். அதற்கு ‘மாடுலேட்டர்’ என்று பெயர். சுரங்களின் பெயர்கள் ஏணிப்படி போல ஒன்றின்மேல் ஒன்றாக அதில் இருக்கும். சுவரில் அதை மாட்ட வேண்டும். குச்சியால் ஒவ்வொரு சுரமாகத் தொட்டுக்கொண்டு பாட வேண்டும். குரல் எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைக் கண்ணே காட்டிவிடும்.

ஏழு சுரங்களையும் ஒரே நாளில் விழுங்கக் கூடாது என்பது கர்வென் கண்ட முறை. முதல் படியில் டோ, மீ, சோ என்ற மூன்று சுரங்கள் மட்டும். அவை நன்றாக வந்த பிறகு டீ, ரே. கடைசியில் ஃபா, லா. எளியது முதலில், கடினமானது பிறகு. காதால் கேட்டுப் பாடிப் பழகிய பிறகே எழுத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பாடிக் காட்டலாம். ஆனால் மாணவர்களோடு சேர்ந்து பாடக் கூடாது. மாணவர் தம் குரலையே நம்பிப் பழக வேண்டும் அல்லவா?

சீட்டெடுத்துப் பரீட்சை

கூட்டத்தில் ஒளிந்துகொண்டு யாரும் தேறிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரீட்சை உண்டு. மாணவர் சில பாட்டுகளின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அதில் ஒரு சீட்டை எடுப்பார்கள். அந்தப் பாட்டின் சுரங்களை, புத்தகம் பார்க்காமல், மாடுலேட்டரில் தொட்டுக் காட்டியபடியே பாட வேண்டும்.

எந்தச் சீட்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே எல்லாப் பாட்டுகளையும் வீட்டில் பழகித்தான் தீர வேண்டும். வாரம் ஒருமுறை கூடிப் பாடினால் போதாது என்பதைச் சொல்லாமல் சொன்னது அந்தப் பரீட்சை.

பளிங்கு மாளிகையில்

கர்வென் 1844 முதல் லண்டனை அடுத்த பிளெய்ஸ்டோவில் பாதிரியாராக இருந்தார். 1853இல் இந்த முறைக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1857இல் லண்டன் பளிங்கு மாளிகையில் சுமார் 3,000 குழந்தைகள் கூடிப் பாடினார்கள். 1864இல் கர்வென் பாதிரியார் பொறுப்பை விட்டுவிட்டு, இசைப் பணியிலேயே இறங்கினார். 1867இல் பாரிஸ் பொருட்காட்சிக்குச் சென்ற சோல்ஃபா பாட்டுக் குழு பரிசு பெற்றுத் திரும்பியது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களும் இந்த முறையில் பாடப் பழகினார்கள்.

1870 வாக்கில் கர்வென் கைச் சாடைகளையும் சேர்த்தார். ‘டோ’ என்றால் மூடிய முஷ்டி. இப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சாடை. பிற்காலத்தில் ஹங்கேரி நாட்டு இசை மேதை ஜோல்டான் கொடாயின் கல்வி முறையிலும் இந்தச் சாடைகள் இடம் பெற்றன. இன்றும் பல நாட்டுப் பள்ளிகளில் அவை வழங்குகின்றன.

1880ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி கர்வென் காலமானார். அப்போது அவருக்கு வயது 63. மகன் ஜான் ஸ்பென்சர் கர்வென் தந்தையின் பணியைத் தொடர்ந்தார்.

கர்வென் பெரிய பாடகர் அல்ல. பெரிய பாட்டு எதையும் இயற்றிப் புகழ் பெற்றவரும் அல்ல. கற்றுக்கொள்ளும் கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால்தான் ஏழையின் வீட்டுச் சுவரில் ஓர் ஏணியை மாட்டினார். பணம் இல்லாதவரும் தினம் ஒரு படியாக அதில் ஏறினார்கள், பாடினார்கள்!