முப்புரி கண்ட விஞ்ஞானி!



எங்கள் ஆர்.கே.பேட்டை நூலோடு பழகிய ஊர். தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒற்றை இழையை இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அதே இழையில் மூன்றைச் சேர்த்து முறுக்கி இழுத்துப் பாருங்கள், கைதான் வலிக்கும்! கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு எல்லாமே இந்த வித்தைதான்.

நம் உடம்புக்குள்ளும் இப்படி முறுக்கிய கயிறுகள் கோடி கோடியாக இருக்கின்றன. அவற்றில் எத்தனை புரி, அவை எப்படி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று உலகுக்குச் சொன்னவர், சென்னையில் இருந்து வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பெயர் ஜி.என்.ராமச்சந்திரன்.

அவர் கதைக்குப் போகும் முன், அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இணைப்புத் திசு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மற்ற திசுக்களில் செல்கள் செங்கல் அடுக்கியது போல நெருங்கி இருக்கும். இணைப்புத் திசுவில் அப்படி இல்லை. செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க, நடுவில் கூழ் போன்ற பொருளும் அதில் ஓடும் நார்களும்தான் அதிகம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்தான் அங்கே நெசவாளி. நார்களை உருவாக்குவது அதன் வேலை. காதை இழுத்து விட்டால் பழையபடி நிற்கிறதே, அது எலாஸ்டின் என்ற மீள் நார். மெல்லிய வலை பின்னி உறுப்புகளைத் தாங்குவது ரெட்டிகுலின் நார். இழுத்தாலும் அறுந்து போகாத வடக்கயிறுதான் கொலாஜன். தசையை எலும்போடு கட்டும் தசைநாணிலும், தோலிலும், குருத்தெலும்பிலும், எலும்பிலும் இருப்பது இதுதான். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்!

ஆட்டுக்கால் சூப் ஆறினால் கூழாக உறைவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொதித்துப் பிரிந்த கொலாஜன்தான் அது. தச்சர்கள் மரம் ஒட்டிய வஜ்ரப் பசையும் இதன் பிள்ளைதான்.

சரி, கதைக்கு வருவோம்.

ராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரில் உள்ள 'ஜி' கோபாலசமுத்திரம் என்ற ஊரைக் குறிக்கும். அப்பா கணிதப் பேராசிரியர். அதனால் வீட்டிலேயே கணக்கு வாத்தியார்! திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன். இந்தப் பையன் இயற்பியலில்தான் இருக்க வேண்டும் என்று தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். பிறகு ராமச்சந்திரன் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் துறைத் தலைவராக அழைத்தது. அப்போது வயது 29. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்தார் ஜே.டி.பெர்னல் என்ற ஆங்கில விஞ்ஞானி. கொலாஜனின் உள் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். லைனஸ் பாலிங் என்ற மாபெரும் வேதியியல் அறிஞர் 1951-இல் ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார், அதுகூடச் சரிவரவில்லை. பெரியவருக்கே பிடிபடாத புதிரில் கை வைக்கத் துணிச்சல் வேண்டும் அல்லவா?

நல்லவேளையாகப் பக்கத்திலேயே உதவி இருந்தது. கிண்டியில் இருந்த இயற்பியல் துறைக்கு அருகில்தான், 1948-இல் தொடங்கப்பட்ட அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். பதனிட்ட தோல் என்பதே கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் அவருடன் பணிபுரிந்த கோபிநாத் கர்த்தாவும் அதன் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். படம் என்றால் நம் ஊர் ஆஸ்பத்திரியில் எடுப்பது போல எலும்பு தெரியும் என்று எண்ணாதீர்கள். வெறும் புள்ளிகளும் கீற்றுகளும்தான் விழும். அதிலிருந்து அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கோலப் புள்ளியை மட்டும் காட்டிக் கோலத்தைப் போடச் சொல்வது மாதிரி!

ஒரு துப்பு இருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று சங்கிலிகள் நெருங்கி ஓடினால் நடுவில் இடமே இருக்காது. அந்த இடுக்கில் கிளைசின் ஒன்றால்தான் நுழைய முடியும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது! 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை இருவரும் வெளியிட்டார்கள்.

ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தோடு அது முழுதும் பொருந்தவில்லை. ராமச்சந்திரனுக்கு நிலா நினைவுக்கு வந்தது. நிலா பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. அப்படியே பூமியோடு சேர்ந்து சூரியனையும் சுற்றுகிறது. சங்கிலிகளும் இப்படித்தானோ? தனித்தனியே முறுக்கிக்கொண்டே, ஒன்றையொன்றும் சுற்றினால் கிளைசின் பக்கம் எப்போதும் நடுவை நோக்கியே இருக்குமே! கணக்குப் பொருந்தியது. 1955-இல் அதையும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாக முறுக்கிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவரும் இதையே செய்கிறார். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் சேர்த்தால்தான் பிரியாது. வகுப்பில் நான் மூன்று கம்பளி நூல்களை வைத்து இதைச் செய்து காட்டுவேன். வீட்டில் செய்து பாருங்கள்.

பிறகுதான் சோதனை. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதே ஆண்டு தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். முப்புரியும் முறுக்கும் அவர்களுக்கும் சம்மதம்தான். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக இருப்பதாகவும், சங்கிலிகளுக்கு இடையே ராமச்சந்திரன் சொன்ன இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்றுதான் சாத்தியம் என்றும் சொன்னார்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதே பிற்பாடு நிலைத்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்!

ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி, அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டினார். நினைத்ததைவிட அணுக்கள் நெருங்கி நிற்பது தெரிந்தது. அங்கிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. அணுக்கள் இடிக்காமல் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து மேசைக் கணிப்பான்களில் கணக்குப் போட்டு, 1963-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதுவே 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

1971-இல் அவர் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கும் கணித முறை ஒன்றையும் அதே ஆண்டு வெளியிட்டார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் வரவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

கொலாஜன் போன்றே கட்டிய சிறு புரதத் துண்டு ஒன்றின் படிகத்தை 1994-இல் ஆராய்ந்தபோது, முப்புரி முறுக்கு தெளிவாகத் தெரிந்தது. அதைக் கேள்விப்படும் காலம்வரை ராமச்சந்திரன் இருந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

மூன்றாவது இடத்துக் கிளைசின் ஒரே ஓர் இடத்தில் மாறிப் பிறந்தாலும் சில குழந்தைகளுக்கு எலும்பு சுலபமாக முறிந்துவிடுகிறது. அது ஏன் என்று டாக்டர்கள் புரிந்துகொள்ள உதவியது அந்த முப்புரிதான்.

கங்காரு வாலைக் கொடுத்த அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய அரங்கம் இருக்கிறது. அதற்கு 'ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால், முப்புரி முறுக்கு!