ஏரிக்கும் எரிக்கும் வித்தியாசம் காட்டியவர்!

குட்டீஸ், 'ஏரி' என்று எழுதியிருப்பதை 'எரி' என்று படித்தால் என்ன ஆகும்? மீன் பிடிக்கப் போக வேண்டியவர் தீப்பெட்டியோடு போய் நிற்பார்! இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அரியலூர் மாவட்டம், கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபையில் சேர்ந்து பாதிரியார் ஆனார். 1710-ல் கப்பலில் கோவா வந்து இறங்கினார். அங்கிருந்து தமிழகம் வந்தபோது அவருக்கு முப்பது வயது. நாம் எல்.கே.ஜி.யில் படிக்கும் அ, ஆ, இ, ஈ-யை அவர் அந்த வயதில்தான் படிக்க ஆரம்பித்தார்!

சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் பாடம் கேட்டார். காவி உடை உடுத்தினார், அசைவத்தை விட்டார். தன் பெயரையும் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பிறகுதான் வீரமாமுனிவர் என்ற பெயர் வந்தது. மதம் பரப்ப வந்தவர் என்பதால் எதிர்ப்பும் இருந்தது. ஒருமுறை கைதாகி, மரண தண்டனை வரை போய் உயிர் பிழைத்தார். ஆனாலும் ஊர் திரும்பவில்லை, தமிழையும் விடவில்லை.

அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதுவார்கள். எ, ஒ ஆகிய குறில் எழுத்துகளுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடுமே! அதனால் பலர் புள்ளியே வைக்கமாட்டார்கள். அது எரியா, ஏரியா? கொடுவா, கோடுவா? படிப்பவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முனிவர் சுலபமான வழி சொன்னார். 'எ'வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் 'ஏ'. 'ஒ'வைச் சுழித்தால் 'ஓ'. ஒற்றைக் கொம்பின் மேலே சுழித்தால் இரட்டைக் கொம்பு. புள்ளியே தேவையில்லை! இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பது இதுதான்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பற்றி 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' என்ற காப்பியம் பாடினார். முன்பெல்லாம் சொற்களுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுப் பாடல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவரோ 1732-ல் சொற்களை அகர வரிசையில் அடுக்கி 'சதுரகராதி' தந்தார். ஐந்து முட்டாள் சீடர்களோடு ஊர் சுற்றும் பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரித்திருப்பீர்களே? அதுவும் அவர் எழுதியதுதான்! திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

1747-ல் கேரளாவின் அம்பலக்காட்டில் காலமானார். 1968-ல் சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

செய்து பாருங்கள்!

அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் 1843-ல்தான் வந்தது. முனிவர் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் தந்த எழுத்தால் நீங்கள் ஓர் அட்டை செய்யலாம்.

பெரிய அழிரப்பரில் 'இயேசு' என்று தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல, வலமிருந்து இடமாக எழுதுங்கள். 'ய'வுக்கு இடது பக்கம் வரும் இரட்டைக் கொம்பு இப்போது வலது பக்கம் இருக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியுள்ள ரப்பரைப் பெரியவர் ஒருவர் பிளேடால் செதுக்கித் தரட்டும். ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, மடித்த கெட்டி அட்டையில் அழுத்துங்கள். நட்சத்திரம் வேண்டுமா? வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வண்ணத்தில் தொட்டு ஒற்றுங்கள்.

இரட்டைக் கொம்பின் சுழியை மறந்துவிட்டால் 'இயெசு' என்று விழும். அப்போது தெரியும், அந்தச் சின்னச் சுழியின் அருமை!